நாற்பத்தொரு முறை தட்டிய கதவு

செத்துப்போன ஒருத்தியோடு ஒன்பது வருஷம் சண்டை போடுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. கோகிலவாணியைக் கேட்டால் சொல்வாள். உயிரோடு இருக்கிறவள் என்றால் ஒரு நாள் சாம்பாரில் உப்பைக் கூடப் போடுவாள், மறுநாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள், வருஷத்துக்கு ஒரு கிலோ எடை போடுவாள். செத்தவள் ஒரு தப்பும் செய்வதில்லை. புனிதா முப்பத்தோரு வயதில் காமாலையில் போய்ச் சேர்ந்தவள். அதற்கு அப்புறம் அவளுக்கு வயசு ஏறவே இல்லை.

கல்யாணமாகி சம்பத்தின் வீட்டுக்கு வந்த அன்று கோகிலவாணி முதலில் பார்த்தது அவள் படத்தைத்தான். கூடத்துச் சுவரில், தலை நிறைய மரிக்கொழுந்து வைத்துக்கொண்டு, யாரோ நல்ல செய்தி சொன்ன மாதிரி சிரித்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் கோகிலவாணி மெல்ல ஆரம்பித்தாள். "ஏனுங்க, படத்துல நெம்பத் தூசி படியுதுங்க. துணியில சுத்திப் பரண்ல பத்திரமா வெச்சரலாங்களா?"

சம்பத் ஒரு நிமிஷம் படத்தையும் அவளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பம்பு மோட்டார் ரிப்பேர் செய்யும் மனுஷர், அதிகம் பேசத் தெரியாதவர். ஸ்டூல் போட்டு ஏறி அவரே கழற்றி, தன்னுடைய வெள்ளைத் துண்டில் சுற்றி மேலே வைத்தார். அன்றோடு சரி. அந்த வீட்டில் புனிதாவின் பெயரை யாரும் எடுக்கவில்லை. வருஷத்துக்கு ஒரு நாள் பேரூர் ஆற்றங்கரைக்குப் போய்த் திதி கொடுத்துவிட்டு வருவார். வந்து, "என்ன அம்மிணி சமையல்?" என்பார். அவ்வளவுதான்.

பெயரை எடுக்கவில்லை என்றால் மறந்துவிட்டார் என்றா அர்த்தம்? அங்கேதான் கோகிலவாணிக்கு வயிறு எரிந்தது. வாய் விட்டுப் பேசினால்கூட எவ்வளவு தூரம் என்று அளந்து பார்க்கலாம். பேசாத மனுஷன் உள்ளே என்ன வைத்திருக்கிறான் என்று யார் கண்டது? தன்னை அவர் முதலில் பார்த்ததை அவள் நினைத்துப் பார்ப்பாள். சூலூர் பஸ் ஸ்டாப்பில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது, "சித்தெ இதைப் பிடிச்சுக்கறீங்களா?" என்று ஓர் இலைப் பொட்டலத்தை அவள் கையில் கொடுத்துவிட்டுக் குடையை விரித்த மனுஷன். அவள் வீட்டுச் சந்து வரைக்கும் பாதிக் குடையைக் கொடுத்து, தான் பாதி நனைந்து வந்தார். அப்போது அவளுக்கு வயது முப்பத்து மூன்று. இனிமேல் யார் வரப்போகிறார் என்று வீட்டில் எல்லோரும் கை கழுவியிருந்த நேரம். அந்தக் குடை அவளுக்குப் பெரிய விஷயம். அவருக்கு அது எவ்வளவு பெரிசு என்று கேட்க அவளுக்குத் தைரியம் வந்ததே இல்லை.

கோகிலவாணியின் வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது புரியாது. ஒரு காலத்தில் வெப்சைட்டுக்கு மனுஷர்களே போவார்கள். தேடிப் போன பக்கம் அங்கே இல்லை என்றால் சர்வர், 'நானூற்று நான்கு, கிடைக்கவில்லை' என்று மூஞ்சியில் அடித்த மாதிரி சொல்லும். அப்படிச் சொல்லாமல் பதமாகச் சொல்லும் பிழைப் பக்கங்களை எழுதுவது ஒரு தொழிலாக இருந்தது. கடை இடம் மாறிவிட்டால், பழைய முகவரிக்கு வருகிறவர்களைப் புதிய முகவரிக்குத் திருப்பிவிடும் விதிகளை எழுதுவதும் அதே ஆட்கள்தான். கோகிலவாணி அதில் கெட்டிக்காரி. அப்புறம் மனுஷர்கள் வெப்சைட்டுக்குப் போவது நின்றது, கேட்டதைத் தேடித் தரும் கம்ப்யூட்டர் உதவிக் குரல்கள் போய்வர ஆரம்பித்தன. குரல்களுக்கு என்ன பதம் வேண்டிக் கிடக்கிறது? தொழில் படுத்தது. படுத்த தொழிலைத் தேடிப் பிடித்து எழுப்பியது ஆஸ்பத்திரிக்காரர்கள். சர்வருக்குத் தேவைப்பட்ட பிழைப் பக்கம் இப்போது தலைக்குள் தேவைப்பட்டது.

கல்யாணமான ஒன்பதாம் வருஷம், ஆடி மாசம் ஒரு வீட்டு மாடியில் மோட்டார் பார்க்க ஏறிய சம்பத், ஏணியோடு சேர்ந்து சாய்ந்தார். பிழைத்தார். ஆனால் தலையில் ஒரு பக்கம் நல்ல அடி. கோகிலவாணி வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரியில் காதுக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர் சில்லைப் பதித்தார்கள். அங்கே எல்லோரும் அதை 'மடை' என்பார்கள். சொந்தக்காரர்களின் மடையில் யாரும் கை வைக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். அதனால் சம்பத்தின் மடை பர்வீனுக்குப் போனது. கோகிலவாணியிடம் தொழில் கற்றுக்கொண்டவள், பத்து வயது சின்னவள்.

கட்டுப் பிரித்த அன்று சம்பத் அவளைப் பிடித்துக்கொண்டார். "ஏங்கண்ணு, எந்தலைக்குள்ள என்னத்தைத்தான் வெச்சிருக்கீங்க?"

"நீங்க எதையாவது நினைச்சுப் பாக்கறீங்கன்னு வெச்சுக்குங்கண்ணா. அந்த நினைப்பு போய் ஒரு கதவைத் தட்டும். உள்ள ஆள் இருந்தா வெளிய வந்துரும். அடிபட்டதுல சில கதவுக்குப் பின்னால ஒண்ணுமே இல்லைங்கண்ணா. மடை இல்லாத காலத்துல அந்த மாதிரி வெறுங்கதவைத் தட்டினவங்க மிரண்டு போயிருவாங்க. வாந்தி, கத்தல், கண்ணு சொருகிக்கும். இப்ப மடை குறுக்க நின்னுக்கிட்டு, 'இங்க இல்லைங்க'ன்னு நல்லவிதமாச் சொல்லி அனுப்பிரும்."

"ஓ, கேட்டுல நிக்கற வாட்ச்மேன்."

"அதேதானுங்கண்ணா."

"அப்ப எது போச்சுன்னு எனக்கே தெரியாதா?"

"என்னமோ போச்சுன்னு தெரியும். எதுன்னு தெரியாதுங்க. எங்களுக்கும் தெரியாது. உள்ள இருக்கறதைப் பாக்கறதுக்குச் சட்டம் இல்லை. கதவுக்கு வெளிய ஒட்டியிருக்கற வாசனை, சத்தம், அது மட்டுந்தான் எங்களுக்குத் தெரியும்."

சம்பத் தலையாட்டினார். "மோட்டாரைப் பிரிக்காமலே சத்தத்தை வெச்சுக் கண்டுபிடிக்கற மாதிரி." பர்வீன் சிரித்தாள்.

வாட்ச்மேன் சொல்ல வேண்டிய வாசகம் என்று ஆஸ்பத்திரியில் ஒன்று இருந்தது. 'நினைவு இல்லை. மீண்டும் முயல வேண்டாம்.' மின்வாரியத்து போர்டு மாதிரி. கோகிலவாணியால் பொறுக்க முடியவில்லை. "என்ற வீட்டுக்காரர் தலைக்குள்ள இந்த மொட்டை வாசகமா? நான் எழுதித் தர்றேன், நீ போடு கண்ணு" என்று பர்வீனைக் கெஞ்சினாள். பர்வீன் அங்கேயும் இங்கேயும் பார்த்துவிட்டு, "யாருகிட்டயும் சொல்லிராதீங்கக்கா" என்று வாங்கிக்கொண்டாள்.

மூன்று நாள் உட்கார்ந்து எழுதினாள். இருபது வருஷத்தில் எழுதிய அத்தனை பிழைப் பக்கமும் இதற்கு ஒத்திகைதான் என்று அவளுக்குத் தோன்றியது. 'நீங்க தேடி வந்தது இங்க இல்லைங்க. தப்பு உங்க மேல இல்லை. சித்தெ உக்காந்துட்டுப் போங்க.' கூடவே வேப்ப மர நிழலில் காற்று படுகிற மாதிரி ஓர் உணர்வைச் சேர்த்தாள். சும்மா சொல்லக் கூடாது, அருமையான பக்கம். தலைக்குள் எந்த இருட்டுக்குப் போனாலும் தான் எழுதிய நிழலில்தான் அவர் உட்காருவார் என்று நினைக்க நினைக்க அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

அந்தக் குளிர்ச்சி இரண்டு வாரம்கூட நிற்கவில்லை. பர்வீன் ஒரு நாள் கேன்டீனில் வெள்ளந்தியாகச் சொன்னாள்: "அக்கா, அண்ணனுக்கு உங்க பக்கம் நெம்பப் பிடிச்சுப்போச்சு போல. நேத்து ஒரே கதவை நாப்பத்தொரு தடவை தட்டியிருக்கார். முந்தாநாளும் அதே கதவுதான்."

"எந்தக் கதவு?"

"அதைச் சொல்லக் கூடாதேக்கா..." என்று இழுத்தாள். கோகிலவாணியின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "வாசனை, மரிக்கொழுந்து. சத்தம், தகரத்து மேல என்னமோ விழுகற மாதிரி. ஒரு பொம்பளை இருக்காங்க. அவ்வளவுதான் இருக்குது."

கோகிலவாணி கையிலிருந்த காப்பியை அப்படியே வைத்தாள். வேறு யாராக இருக்க முடியும்? மரிக்கொழுந்து, படத்தில் இருந்தது. தகரம், சோமனூரில் புனிதாவின் அப்பா வீட்டுத் தறிக்கொட்டகைக்குத் தகரக் கூரை. கல்யாணத்துக்கு முன்னால் சம்பத் அங்கே மோட்டார் மாட்டப் போனவர் என்று ஊரே சொல்லும். ஆக, புனிதா போய்விட்டாள். சுவரிலிருந்து போனாள், பேச்சிலிருந்து போனாள், இப்போது தலைக்குள்ளிருந்தும் போய்விட்டாள். கோகிலவாணிக்கு ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அடுத்த கணமே அந்த நாற்பத்தொன்று வந்து உறைத்தது. இல்லாத வீட்டுக் கதவை ஒரு நாளைக்கு நாற்பத்தொரு தடவை தட்டுகிற மனுஷன், இருக்கிற வீட்டு வாசலில் எத்தனை தடவை நின்றிருக்கிறார்?

அன்றைக்கு மத்தியானம் அரை நாள் லீவு போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். சம்பத் ஜன்னலோரம் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். உதட்டில் லேசாகச் சிரிப்பு. வலது கை மட்டும் மெல்ல முன்னால் நீண்டு, எதையோ யாரிடமோ கொடுக்கிற மாதிரி நின்றது. சித்த நேரம் அப்படியே இருந்துவிட்டு மடியில் விழுந்தது. மறுபடியும் நீண்டது. கோகிலவாணி வாசற்படியில் செருப்போடு நின்று அதைப் பார்த்தாள். அந்தக் கை புனிதாவின் கன்னத்தைத் தடவத்தான் போகிறது என்று முடிவு கட்டிக்கொண்டாள். தன் கையால் எழுதிய நிழலில் அவர் உட்கார்ந்து அவளுக்காகக் காத்திருக்கிறார்! பாய் விரித்துக் கொடுத்ததே தான்தான் என்று நினைத்தபோது தன்னையே நாலு அறை அறையலாம் போலிருந்தது.

"என்னங்க அப்படி ஒரு யோசனை?"

அவர் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார். "தெரியல அம்மிணி. என்னமோ ஒண்ணு வேணும்னு இருக்குது. என்னன்னுதான் பிடிபடல."

"வேணாம், விட்டுருங்க."

"விடறதுக்கு மனசு வர்றதில்லையே" என்றார் அவர், குழந்தை மாதிரி.

மறுநாளே டாக்டர் தில்லைநாயகியின் அறையில் போய் நின்றாள். சொன்னது முழுப் பொய்யும் இல்லை. "டாக்டரம்மா, ஒரே கதவைத் தட்டித் தட்டி நெம்பக் களைச்சுப் போறாருங்க. அந்தக் கதவை வேற பக்கமாத் திருப்பி விட்டுரலாங்களா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு யோசித்தார். "திருப்பலாம். ஆனா தற்காலிகமாத்தான். முந்நூத்தி ரெண்டாம் நம்பர் விதி. உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. தற்காலிகம்னா மூளை ஒவ்வொரு தடவையும் பழைய கதவைத் தட்டிப் பாத்துட்டுத்தான் புது இடத்துக்குப் போகும். அந்தத் தட்டறதுதாம்மா முக்கியம். தட்டத் தட்ட வழி காயாம இருக்கும். ஆறு மாசத்துல நாலுல ஒருத்தருக்குக் கதவு தானாத் திறந்திருக்கு. நிரந்தரம்னு போட்டா, முந்நூத்தி ஒண்ணு, மூளை புது முகவரியை மனப்பாடம் பண்ணிக்கும். பழைய கதவுப் பக்கமே போகாது. போகாத வழி புல் மொளைச்சுப் போயிரும். அதுக்கு அவர் கையெழுத்தும் வேணும், என் கையெழுத்தும் வேணும்."

"தற்காலிகமே போதுங்க. எங்க திருப்புவீங்க?"

"கூடவே இருக்கிற ஆளோட நினைவுக்குத்தான். உங்களுக்கு."

பர்வீன் அன்றைக்கே விதியை எழுதினாள். கோகிலவாணிக்கு அன்றைக்கு இட்லி இறங்கியது. ஆனால் பாருங்கள், பொறாமைக்காரிக்குப் பதிவேட்டைக் காட்டக் கூடாது. ஒரு வாரம் கழித்துப் பர்வீனின் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். வரிசை வரிசையாக இருந்தது. பழைய கதவு, அப்புறம் கோகிலவாணி. பழைய கதவு, அப்புறம் கோகிலவாணி. நாற்பத்தொரு தடவையும் அப்படியேதான்.

"பாத்தியா பர்வீன்? அவ வாசல்ல செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு, அங்க ஆளில்லைன்னு தெரிஞ்ச பொறகுதான் என்ற வீட்டுக்கு வர்றார்."

"ஐயோ அக்கா, அது முந்நூத்தி ரெண்டு. அப்படித்தான் இருக்கும். நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க."

சொல்லிக் கொடுத்தது அவள்தான். அதனால்தான் என்ன செய்தால் அந்த முதல் வரி மறையும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. பர்வீன் சாப்பிடப் போனாள். திரையைப் பூட்டாமல் போகிற பழக்கம் அவளுக்கு உண்டு, அக்காதானே பக்கத்தில் இருக்கிறாள் என்று. கோகிலவாணி அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அட, ஓர் எண்தானே? இரண்டை அழித்தாள், ஒன்று என்று அடித்தாள், சேமித்தாள். எழுந்து வந்து தன் இடத்தில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து தயிர்ச்சாதம் சாப்பிட்டாள்.

அடுத்த நாள் முப்பது தட்டு. அதற்கு அடுத்த நாள் பன்னிரண்டு. அப்புறம் மூன்று. வெள்ளிக்கிழமை ஒன்றுமே இல்லை. பர்வீன்கூட, "அண்ணனுக்குத் தேவலை போலிருக்குக்கா" என்று சந்தோஷப்பட்டாள். கோகிலவாணி அன்று சாயங்காலம் வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டாள். ஒன்பது வருஷத்துச் சண்டையில் ஜெயித்தாயிற்று.

அதற்குப் பிறகு வந்த ஐந்து மாசத்தை அவள் வாழ்நாளில் மறக்க மாட்டாள். ஜன்னலோர நாற்காலி காலியாகக் கிடந்தது. சம்பத் அவள் போகிற இடமெல்லாம் கண்ணால் கூடவே வந்தார். வெங்காயம் உரித்துக் கொடுத்தார். துணி காயப்போடும்போது கிளிப்பை நீட்டினார். "உன்னைப் பாத்தா மனசுக்கு நெம்ப நெறைவா இருக்குது அம்மிணி" என்று ஒரு நாள் சொல்லியே விட்டார். பேசத் தெரியாத மனுஷன் வாயிலிருந்து! அன்றைக்கு அவள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

ஒன்றே ஒன்றுதான் அவளுக்கு உறுத்தியது. ஒரு நாள் தொலைக்காட்சியில் சூலூர் ஏரி நிறைந்ததைக் காட்டினார்கள். "ஞாபகம் இருக்குதுங்களா?" என்று விளையாட்டாகக் கேட்டாள். அவர் திரையைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார். "எதும்மா?" என்று சிரித்தார். அடிபட்ட மனுஷன், கொஞ்சம் மறதி இருக்கத்தானே செய்யும் என்று அவள் விட்டுவிட்டாள்.

தை மாசம் ஆறு மாதப் பரிசோதனை வந்தது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. டாக்டர் நோயாளியை உட்கார வைத்து வாழ்க்கையைச் சொல்லச் சொல்வார். எங்கே ஓட்டை இருக்கிறது என்று அதில் தெரிந்துவிடும். வீட்டு ஆட்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்கலாம், உள்ளே பேசக் கூடாது. கோகிலவாணி பர்வீனின் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நெற்றியில் பளிச்சென்று பொட்டு, புதுப் புடவை.

சம்பத் பிறந்த ஊர், படித்த பள்ளிக்கூடம், வேலை பழகிய பட்டறை என்று வரிசையாகச் சொன்னார். டாக்டர் கேட்டார்: "முதல் கல்யாணம்?"

கோகிலவாணி புடவைத் தலைப்பைச் சுருட்டினாள். இதோ, இங்கேதான் முழிப்பார்.

"புனிதாங்க" என்றார் சம்பத், ஒரு திக்கல் இல்லாமல். "சோமனூரு. அவங்கய்யன் கொட்டகைல மோட்டாரு எரிஞ்சுபோச்சுன்னு போனேன். எனக்கு மோர் கொண்டுவந்து குடுத்தா. உப்புப் போட மறந்துட்டா, அதை நான் சொன்னனுட்டு ஒரு வாரம் பேசவே இல்லை." அவர் சிரித்தார். கல்யாணத்தைச் சொன்னார், அவள் கட்டியிருந்த புடவையின் நிறத்தைச் சொன்னார், காமாலை வந்து கிடந்த கட்டிலின் நம்பரைச் சொன்னார். கடைசி நாளைச் சொல்லும்போது குரல் உடைந்தது. துளி விடாமல் எல்லாம் இருந்தது. ஓட்டை எதுவும் இல்லை.

"இவ்வளவு இருக்கே. வீட்டுல இதெல்லாம் பேசறதில்லையா?"

"பேசறதில்லைங்க டாக்டரம்மா. கோகிலாவுக்குக் கஷ்டமா இருக்கும். அவ மனசு நோகக் கூடாதுன்னுட்டு நான் வாயே திறக்கறதில்லைங்க."

கோகிலவாணி சுருட்டிய தலைப்பைக் கைவிட்டாள். அப்படியானால் அந்தக் கதவு யாருடையது?

"சரி. கோகிலாவை எப்படிப் பாத்தீங்க? முதல் முதல்ல?"

சம்பத் வாயைத் திறந்தார். அப்புறம் கண்ணாடிப் பக்கம் திரும்பி அவளைத் தேடினார். தேடிக் கண்டுபிடித்ததும் முகம் மலர்ந்தது. "அதோ இருக்கறாளே."

"இல்லைங்க, அன்னைக்கு. முதல் நாள்."

"எப்பவுமே இருக்கறாளே. முதல் நாள்னா... என்னங்க கேக்கறீங்க?"

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் வந்தது. திதிக்குப் பேரூர் கிளம்பியதாக அன்று குடைக்கடியில் சொன்னாரே, அப்படிப் போகிறவர் கையில் பூ இல்லாமலா இருக்கும்? சூலூர் பஸ் ஸ்டாப்பின் தகரக் கூரை. அதன் மேல் மழை விழுந்த சத்தம். "சித்தெ இதைப் பிடிச்சுக்கறீங்களா?" என்று நீண்ட வலது கை. அந்த இலைப் பொட்டலத்தில் என்ன இருந்தது என்று ஒன்பது வருஷமாக அவள் யோசித்ததே இல்லை. வீட்டுக்குப் போனபின்பும் கையில் ஒரு வாசனை இருந்ததே, சோப்புப் போட்டும் போகாமல் மறுநாள் வரைக்கும்? புனிதாவின் மரிக்கொழுந்தை அவர் அவள் கையில்தான் கொடுத்தார். ஒரு நாளைக்கு நாற்பத்தொரு தடவை அவளைத்தான் தேடி வந்து, அவள் எழுதிய நிழலில் அவளுக்காகக் காத்துக் கிடந்தார்.

பக்கத்தில் பர்வீன் முகம் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தாள். பரிசோதனைக்காக விதியைத் திறந்து பார்த்திருக்கிறாள். "அக்கா, இதுல ஒண்ணுன்னு இருக்குது. நான் ரெண்டுதானே போட்டேன்?"

கோகிலவாணி தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதுவே பதிலாகப் போயிற்று.

"எதுக்குக்கா?" என்றாள் பர்வீன், அழுகிற குரலில். "இதைப் பாருங்க. நீங்க மாத்தின அன்னைக்குக் காலைல, மாத்தறதுக்கு முந்தி. கடைசி மூணு தட்டு. இதுல 'கிடைக்கவில்லை'ன்னு இல்லை. இருநூத்தி ஆறு. பாதி கிடைச்சிருக்குக்கா. கதவு திறக்க ஆரம்பிச்சிருந்துது."

அவள் எண்ணிக்கையை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நாற்பத்தொன்றைத் தாண்டி ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

"மறுபடியும் ரெண்டாக்கிரு கண்ணு. இப்பவே ஆக்கு."

"ஆக்கிட்டேன்க்கா. மடைல ஆக்கலாம். ஆனா மூளை இனி அந்தக் கதவுக்குப் போறதே இல்லையே. போய்த் தட்டினாத்தானே நாம மாத்தினது அதுக்குத் தெரியும்? இதையும் நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க."

கோகிலவாணி டாக்டரிடம் தானே போய் ஒப்புக்கொண்டாள். வேலை அன்றோடு போனது, அது போகட்டும். டாக்டர் கத்தவில்லை, அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. "நேர் வழி போச்சும்மா. அதை ஒட்டின வேற நினைப்பு எதாவது பக்கத்து வழியா அந்தக் கதவுகிட்ட கொண்டுபோய் விட்டா உண்டு. என்னால வாக்குக் குடுக்க முடியாது" என்றார். நடந்ததை எல்லாம் சம்பத்திடமும் பொறுமையாகச் சொன்னார். சம்பத் கேட்டுக்கொண்டு, "கோகிலா கை வெச்சா அதுல ஒரு காரணம் இருக்குங்க" என்று சொல்லிவிட்டு, எழுந்து அவளுடைய கைப்பையை எடுத்துக்கொண்டார்.

வழியில் அவள் ஆட்டோவை நிறுத்தி மரிக்கொழுந்து வாங்கினாள். வீட்டுக்கு வந்ததும் ஸ்டூலைப் போட்டுப் பரணில் ஏறி, வெள்ளைத் துண்டைப் பிரித்தாள். புனிதா அதே சிரிப்போடு இருந்தாள். படத்தைப் பழைய ஆணியில் மாட்டி, பொட்டலத்தைச் சம்பத்தின் கையில் கொடுத்தாள். அவர் முகர்ந்து பார்த்தார்.

"நல்ல வாசம். யாருக்கு அம்மிணி?"

"புனிதாவுக்குத்தானுங்க."

அந்தப் பெயரை அவள் வாயிலிருந்து அவர் கேட்பது அதுதான் முதல் தடவை. அவர் கண் கலங்கியது. படத்துக்கு வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அவள் அவர் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அவளைப் பத்திச் சொல்லுங்க. மோர் குடுத்ததுல இருந்து சொல்லுங்க."

"உனக்கு எதுக்கு அதெல்லாம்..."

"எனக்கு வேணுமுங்க. ஒண்ணு விடாம வேணும்."

அவர் சொன்னார். தயங்கித் தயங்கி ஆரம்பித்து, அப்புறம் மடை திறந்த மாதிரி. மோர், தறிக்கொட்டகை, கல்யாணம், மூணார் போய்க் குளிரில் நடுங்கியது. ஒவ்வொன்றும் கோகிலவாணிக்குள் ஊசி மாதிரி இறங்கியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். ஆஸ்பத்திரி வந்தது, சுடுகாடு வந்தது, தனியாக இருந்த வருஷங்கள் வந்தன. அவள் முட்டி போட்டு முன்னால் நகர்ந்தாள்.

"வருஷா வருஷம் திதி குடுப்பேன். ஒரு வருஷம் சூலூர்ல ஒரு வேலை. அதை முடிச்சுட்டு, அங்கயே மரிக்கொழுந்து வாங்கிக்கிட்டுப் பேரூருக்குக் கிளம்பினேன். நல்ல மழை பிடிச்சுக்கிச்சு. பஸ் ஸ்டாப்புல தகரத்துக்கு அடியில ஒதுங்கினேன். பக்கத்துல..."

அவர் நின்றார். வலது கை மெல்ல முன்னால் நீண்டது. கோகிலவாணி மூச்சை அடக்கிக்கொண்டு இரண்டு கையையும் ஏந்தினாள்.

"பக்கத்துல? சொல்லுங்க, பக்கத்துல யாரு?"

சம்பத் அவள் முகத்தைப் பார்த்தார். பார்த்ததும் நிறைவாகச் சிரித்தார். கை மடியில் விழுந்தது.

"அதான் நீ இருக்கறியே" என்றார். "என்ன கேட்டே அம்மிணி?"

அவள் சித்த நேரம் ஏந்திய கையோடு இருந்தாள். பிறகு தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சுவரில் இருந்தவளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒண்ணுமில்லைங்க. புனிதா மோர் கொண்டுவந்து குடுத்தாங்கன்னு சொன்னீங்களே, அதுல இருந்து மறுபடியும் சொல்லுங்க."